முதல் குலை வெட்டிய கை

கம்பத்தில் நான் வேலை செய்யும் திராட்சைத் தோட்டத்தில் முதல் குலையை என்னைத்தான் வெட்டச் சொல்வார்கள். கைராசிக்காரி என்று பெயர். கத்தரியை அழுத்தினால் என் புறங்கையில் ஒரு புடைப்பு எழும். தேனி டாக்டரிடம் காட்டினேன். "கட்டி இல்லம்மா. விரலை நிமித்துற தசை உங்களுக்குக் கூடுதலா ஒண்ணு இருக்கு, பிறவியிலயே. ஒண்ணும் செய்யாது" என்றார். அதே தோட்டத்தில் வேலை செய்யும் என் நாத்தனார்தான் துணைக்கு வந்திருந்தாள். அத்தனையையும் இரண்டு காதாலும் கேட்டாள்.

இந்த அறுப்பில் தோட்டக்காரர் கத்தரியை அவளிடம் நீட்டினார். "ஒனக்குக் கையில கட்டியாமே. ஒன் நாத்தனாதான் சொல்லுச்சு. வெள்ளாமைக்கு ஆகாதுத்தா" என்றார் என்னிடம்.

அவள் முதல் குலையை வெட்டிக் கூடையில் வைத்தாள். பிறகு எல்லோர் முன்னாலும் என் புறங்கையைத் தடவி, "வலிக்குதா மதினி?" என்று கேட்டாள்.