கணக்குப் புத்தகத்துக்கு அடியில் இரண்டு ஸ்பேனர்கள்

சரஸ்வதி பூஜையன்று காலை பத்து மணி இருபது நிமிடத்துக்குக் கரண்ட் வந்தது. அது அன்றைக்கு வராமலே இருந்திருக்கலாம் என்று இந்த வயதிலும் நினைத்துக்கொள்கிறேன். மணி பார்த்துச் சொன்னவள் நான்தான். கடிகாரம் பார்க்கப் புதிதாகக் கற்றிருந்தேன். யாரும் கேட்காமலே மணி சொல்லிக்கொண்டு திரிவேன்.

போன வாரம் என் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். கோயம்புத்தூரில் வாடகைக்கு ஒரு சின்ன ஷெட் பிடித்து மேசை, அலமாரி செய்கிறாள். ரம்ப மேசையின் பக்கவாட்டில் மரம் செதுக்கும் ரூட்டர் ஒன்றைப் புதிதாகப் பொருத்தியிருப்பதாகச் சொல்லி அதை ஓட்டியும் காட்டினாள். "ஸ்பேனர் போட்டுத்தானே இறுக்கினாய்?" என்று நான் கத்திய கத்தலில் அவள் மிஷினை நிறுத்திவிட்டாள். "உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?" என்றாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கொப்பரை காயவைக்கும் கொட்டகையை அப்பா மரப் பட்டறையாக மாற்றியிருந்தார். நடுவில் ஒரு ரம்ப மேசை. கதவும் ஜன்னலும் செய்வார். துபாயிலிருந்து லீவில் வந்த மாமா, அம்மாவின் தம்பி, போர்வைக்கும் பால் பவுடர் டின்னுக்கும் நடுவே ஒரு ரூட்டரை வைத்துக் கொண்டுவந்திருந்தார். கையில் பிடித்து ஓட்டும் மிஷின் அது. அதன் அடியில் சுழலும் பிட், பலகையின் விளிம்பை அழகாக வளைத்துச் செதுக்கிவிடும். ஆனால் கையில் பிடித்தால் அது அப்பாவை இழுத்துக்கொண்டு போயிற்று. மாமா அதற்கு ஒரு வழி செய்தார். ரம்ப மேசையின் வலது பக்கம் தடித்த பலகை ஒன்றைப் போல்ட் போட்டுச் சேர்த்து, அதில் ஓட்டை போட்டு, ரூட்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். பிட்டின் மூக்கு மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். இனி மிஷினைப் பிடிக்க வேண்டாம், பலகையை நகர்த்தினால் போதும். மறுநாள் விஜயதசமி, அன்று ராத்திரி மாமாவுக்கு விமானம். அதற்குள் ஓட்டிக் காட்டிவிட வேண்டும் என்று துடித்தார்.

அம்மா பட்டறை வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"பூசை வெச்ச ஆயுதத்த தசமிக்கு எடுக்கறதுக்கு முன்னால தொடலாமாடா?"

"பூசை வெச்சது ரம்பத்துக்குத்தானுங்க அக்கா. இது பூசைக்கப்பறம் மாட்டுனது. இதுக்கு லீவு கெடையாது."

"ரெண்டுக்கும் மேசை ஒண்ணுதானே?"

"அதுக்குத்தான் நடுவுல கோடு போட்டிருக்கறேன், பாருங்க."

உண்மையிலேயே சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா ரம்பத்தின் மேலிருந்த குங்குமத்தைப் பார்த்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அப்போதுதான் ஸ்பேனர்களைத் தேடினார்கள். பிட்டைக் கவ்வும் நட்டை இறுக்க, ரூட்டரோடு மெல்லிய ஸ்பேனர்கள் இரண்டு வந்திருந்தன. மிஷினின் தண்டை ஒன்றால் பிடித்து, நட்டை மற்றொன்றால் திருக வேண்டும். அவை எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் பூஜை வைக்க ஆயுதங்களைச் சேர்த்துக் கொடுக்கும் வேலை எனக்கு. ஒன்றையும் விடக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். பென்சிலைக்கூட விடவில்லை. பளபளவென்றிருந்த அந்த இரண்டு ஸ்பேனர்களையும் பூஜை அறையில் வாழையிலையில் வைத்துக் குங்குமம் இட்டு, அவற்றின் மேல் என் கணக்குப் புத்தகத்தை வைத்தேன். புது இரும்பின் பலம் புத்தகத்துக்கும் சேரட்டும் என்று.

சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமா எடுத்துவிடுவார். தசமிக்கு முன் புத்தகத்தை அசைத்தால் படித்ததெல்லாம் போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் பேசிக்கொள்வார்கள். எனக்கோ கணக்கு ஏற்கெனவே வராது. நான் வாயைத் திறக்கவில்லை.

மாமா கிணற்று மோட்டார் ரூமிலிருந்து பைப் ரெஞ்சும் குறடும் எடுத்து வந்து, முகம் சிவக்கத் திருகினார்.

"இறுகிருச்சா மாப்ள?" என்றார் அப்பா.

"கொழப்பமில்லீங்க மச்சான், இறுகிருச்சு."

முதல் பலகை வெண்ணெயை வழித்தது மாதிரி வந்தது. அப்பா அதன் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். எதிரே நின்ற மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இரண்டாவது பலகை பாதி போனபோது சத்தம் மாறியது. நட்டு நழுவி, பிட் தானாக மேலே ஏறி மரத்தை ஆழமாகக் கடித்தது. பலகை துள்ளி எகிறியது. ஏதோ ஒன்று என் காதருகே விர்ரென்று போயிற்று.

திரும்பிப் பார்த்தேன். நான் சாய்ந்திருந்த வாசல் நிலையில், என் தலைக்கு ஒரு சாண் தள்ளி, அந்த பிட் புதைந்திருந்தது.

மாமா ஸ்விட்சை அணைத்தார். அப்பா சாக்பீஸ் கோட்டைத் தாண்டி, ரம்பத்தைத் தாண்டி, மேசை மேலேயே ஏறிக் குதித்து வந்தார். என் தலையை, காதை, கழுத்தைத் தடவினார். பிறகு என் விரல்களை எண்ணினார். எண்ணி முடித்து மறுபடி எண்ணினார். மூன்றாவது தடவையும் எண்ணினார். அப்பாவுக்கும் கணக்கு வராது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா அன்று சாப்பிடவில்லை. "இறுகிருச்சுன்னு நாந்தானே சொன்னேன்? கொழந்தையக் கொன்னுருப்பனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ரூட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றார். அம்மா அவரைத் திட்டவில்லை. அதுவே அவரை அதிகமாகத் தாக்கிவிட்டது. நான் மாமாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

விளக்கு வைத்த பிறகு அப்பா பூஜை அறைக்குள் போய் வெகுநேரம் இருந்தார். சாமி கும்பிடச் சொன்னால் வேலையிருக்கிறது என்று நழுவும் ஆள் அவர்.

விஜயதசமி காலையில் அம்மா பூஜை எடுத்து, கணக்குப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். இலையைப் பார்த்தேன். இரண்டு ஸ்பேனர்கள் அழுந்திய தடம் இருந்தது. ஸ்பேனர்கள் இல்லை.

சாயங்காலம் ஜீப் வந்து நின்றது. மாமா பெட்டியைத் தூக்கிவிட்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்போது பட்டறைப் பக்கமிருந்து அப்பா வேகமாக வந்தார். கையில் இரண்டு ஸ்பேனர்கள்.

"மாப்ள, இத பாரு. என்ற அழுக்குச் சட்டைப் பையிலயே கெடந்துருக்குது. நாந்தான் வெச்சுட்டு மறந்துட்டேன். உன்ற மேல ஒரு தப்பும் இல்ல. அந்த மேசை அங்கயே இருக்கட்டும், அடுத்த லீவுக்கு வந்து ஓட்டிக் காட்டு."

மாமா ஸ்பேனர்களை வாங்கிப் பார்த்தார். பிறகு அப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். ஸ்பேனர்களில் குங்குமம் அப்படியே ஒட்டியிருந்தது. அழுக்குச் சட்டைப் பைக்குள் குங்குமம் எப்படிப் போனது? சரஸ்வதிதான் என்னைக் காப்பாற்ற அவற்றை எடுத்துக்கொண்டு போய் அங்கே போட்டிருக்கிறாள் என்று, ரொம்ப வருஷம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.