எமிலின் நேர்த்தியும் மூன்று நண்டும்

என் தகப்பனின் தங்கை மாகிறேற் மாமிக்குப் பிள்ளைகள் நான்கு. மூத்தது மூன்றும் பெண்கள், கடைசி எமில். எனக்குப் பன்னிரண்டு வயது இளையவன். ஓலைத்தொடுவாயில் எங்கள் வளவுக்கும் அவர்கள் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். ஆகவே சாப்பாட்டு விசயத்தில் அவன் செய்த அநியாயம் எல்லாம் என் கண்முன்னாலேயே நடந்தது.

எமிலுக்கு எல்லாமே அருவருப்பு. மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்புக் கொஞ்சம் மங்கியிருந்தால் அதைப் பூனைக்குப் போடுவான். கறிக்குள் ஒரு தலைமயிரைக் கண்டால் அன்றைக்குப் பட்டினி. முள்ளிக்குளத்துச் சந்தியாப்பிள்ளையின் நடு மகள் றீற்றாவைக் கட்டினபோது, கலியாணப் பந்தியில் பக்கத்தில் இருந்த கிழவர் விரல் சூப்பினார் என்று மாப்பிள்ளையே எழும்பிப் போய்விட்டான். தொண்ணூறாம் ஆண்டு படகேறி அக்கரைக்குப் போய் அகதி முகாமில் இருந்தபோது, எல்லாரும் பசியில் அள்ளித் தின்ன, இவன் சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் புரட்டிக்கொண்டு இருந்தான். இத்தனைக்கும் முப்பது வருசம் கடலில் மீன் குடலுக்குள் கை விட்டுப் பிழைத்தவன். "கையால தொடுறது வேறை மச்சாள், வாய்க்குள்ள வைக்கிறது வேறை" என்பான்.

றீற்றா செத்து ஒன்பது வருசம். ஒரே பிள்ளை டிலோஜினி. அவளை நோர்வேயில் இருக்கிற லோறன்சுக்குக் கட்டிக் கொடுத்தான். லோறன்ஸ் பேசாலைப் பொடியன், அருமையான குணம். ஆனால் பிள்ளை தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதம் போனது. இரண்டாவது ஐந்தாம் மாதம் போனது. மூன்றாம் தரம் வயிற்றில் வந்த செய்தியை எமில் எனக்கு மட்டும்தான் சொன்னான். அப்போது மடு மாதா கோயிலில் ஆவணித் திருநாள். இரண்டு பேரும் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தோம்.

திருநாள் பூசை முடிந்ததும் எமில் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்றான். நான் பக்கத்தில். சத்தமாகவே சொன்னான்.

"தாயே, என்ர பிள்ளையின்ர வயித்தில கிடக்கிற சீவன் தங்கிப் பிறந்து, அதின்ர தலையில ஞானஸ்நானத் தண்ணி விழுற நாள் வரைக்கும், எனக்கு முன்னால ஆர் என்ன சாப்பாடு வைச்சாலும், முகம் சுழிக்காமல், குறை சொல்லாமல், மிச்சம் விடாமல் தின்பன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே வந்ததும் ஏசினேன்.

"விசரா, மெழுகுதிரி கொளுத்துறன் எண்டு சொன்னால் என்ன? மொட்டை போடுறன் எண்டு சொன்னால் என்ன?"

"அதெல்லாம் எனக்குக் கஸ்டமில்லையே மச்சாள். கஸ்டமில்லாததைக் குடுத்து மாதாவைப் பேய்க்காட்டச் சொல்லுறியளோ?"

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நேர்த்தி யாருக்காக வைத்ததோ, அது நிறைவேறும் மட்டும் அவர்களிடம் சொல்லக்கூடாது. சொன்னால் பலிக்காது. ஆகையால் இது டிலோஜினிக்குத் தெரியாது. எமிலுக்கும் எனக்கும் மாதாவுக்கும்தான் தெரியும்.

ஊரில் இருந்த மட்டும் பெரிய சோதனை இல்லை. தானே சமைத்துத் தானே தின்கிறவனுக்கு யார் என்னத்தை வைக்கப்போகிறார்கள்? நான்தான் ஒருநாள் மறந்துபோய் முதல்நாள் சொதியைக் கொடுத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தான், பாவம். தை மாதக் கடைசியில் மூன்று மாத விசா கிடைத்து, பிள்ளைப்பேறு பார்க்க நோர்வேக்குப் போனான். அங்கே தொடங்கியது வினை.

போன மூன்றாம் நாள் வட்சப்பில் வந்தான். முகம் கறுத்துக் கிடந்தது.

"மச்சாள், இஞ்ச உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தைப் பாண் துண்டில வைச்சுத் தின்னுதுகள்."

"என்னடா சொல்லுறாய்?"

"சீஸ் எண்டுதுகள். மண்ணிறமாக் கட்டி கட்டியாக் கிடக்கு. வாயில வைச்சால் இனிக்குது, உப்புக் கரிக்குது, கடைசியில ஆட்டுப்பட்டி மணக்குது. பல்லில ஒட்டினால் நாக்கால கிளப்பேலாது. நான் ஒண்டும் பேசாமல் விழுங்கினன். இவள் பிள்ளை, 'அப்பா நல்லா மாறிட்டியள், முந்தியெண்டால் மோந்துபோட்டு வைச்சிடுவியள்' எண்டு சந்தோசத்தில இன்னும் ரெண்டு துண்டு வைச்சிட்டாள்!"

இதுதான் அவனுக்கு வந்த வினை. அவன் பேசாமல் தின்னத் தின்ன, அப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று என்று அவள் இன்னும் இன்னும் வைத்தாள். காலையில் பற்பசைக் குழாய் போல ஒன்றைப் பிதுக்கி முட்டையில் பூசிக் கொடுத்தாளாம். உள்ளே உப்பு மீன்சினை, ரோசா நிறத்தில். "பல்லுத் தீட்டுறதோ தின்னுறதோ எண்டு விளங்காமல் ரெண்டுக்கும் நடுவில நிண்டன்" என்றான். ஒருநாள் போத்தலில் அடைத்த மீன். பச்சை மீன், வினாகிரிக்குள் சீனி போட்டு ஊறியது.

"மீனுக்குச் சீனி மச்சாள்! தோல் வழுக்கி வழுக்கி உள்ள போகுது. போன பிறகும் தொண்டைக்குள்ள நீந்துது. எங்கட ஐயா கேட்டால் குழிக்குள்ள புரண்டு படுத்திருப்பார்."

ஒருநாள் இங்கே பின்னேரம், நான் கூழுக்குப் பனங்கிழங்கு மா கரைத்துக்கொண்டிருக்கிறேன், போன் அடித்தது. எமில் குசுகுசுத்தான். பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

"எங்கயடா நிக்கிறாய்?"

"லோறன்சின்ர முதலாளி வீட்டுக் கக்கூசில. விருந்துக்குக் கூப்பிட்டவை. மச்சாள், ஒரு சந்தேகம், கெதியாச் சொல்லுங்கோ. ஆட்டுத் தலையை நடுவால பிளந்து, பாதியை அப்பிடியே சாப்பாட்டுக் கோப்பையில வைச்சிருக்கு. மயிர் பொசுக்கின மணம் இன்னும் போகேல்ல. பல்லு, காது, எல்லாம் கிடக்கு. கண் என்னைப் பாக்குது. எலும்பை விடலாம் எண்டு விளங்குது. கண்ணை விட்டால் மிச்சம் விட்டதாச் சேருமோ?"

நான் கொஞ்சம் யோசித்தேன். நேர்த்திக்குச் சாட்சி நான்தானே.

"கண் எலும்பில்லை எமில்."

தண்ணீர் நின்றது, போனும் நின்றது. இரவு ஒரு செய்தி மட்டும் அனுப்பினான்: "வெடிச்சது." என்ன வெடித்தது என்று எனக்கு விளங்கியதும் கரைத்து வைத்திருந்த கூழை என்னால் குடிக்க முடியவில்லை.

இப்படி ஒரு மாதம். ஆள் பாதியானான். டிலோஜினிக்கோ எட்டு மாதம் முடிந்து ஒன்பது நடக்கிறது, எல்லாம் சுகமாக இருக்கிறது. "பாத்தியளே மச்சாள், மாதா கணக்கா வேலை செய்யிறா. நான்தான் தவறக்கூடாது" என்பான்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு, லோறன்சின் சின்னம்மா பெற்றிசியா இவர்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆசைப்பட்டதைச் சமைத்துக் கொடுப்பது என்று நம் சனம் எங்கே போனாலும் விடாதுதானே. டிலோஜினி நண்டுக்கறிக்கு ஏங்கிப்போய் இருந்தாள். பெற்றிசியா தமிழ்க் கடையில் ஐஸ் கட்டியாக உறைந்து பெட்டியில் வருகிற சிலோன் நண்டு வாங்கி, முருங்கையிலையும் மிளகும் போட்டு வைத்திருந்தாள். மூன்றே மூன்று நண்டு, சின்னச் சட்டியில் தனியாக, தகப்பனுக்கும் மகளுக்கும் மட்டும். மற்ற எல்லாருக்கும் கோழி.

"அண்ணை, இது எங்கட பக்கத்து நண்டு. ஒரு மாதமா இந்த ஊர்ச் சாப்பாட்டில காய்ஞ்சுபோயிருப்பியள், சாப்பிடுங்கோ" என்று சொல்லி, பெரிய நண்டை டிலோஜினிக்கும், ஒன்றை எமிலுக்கும் வைத்தாள்.

எமில் சொல்கிறான், சட்டியைத் திறந்த உடனே வாசத்தில் தனக்குக் கண் கலங்கிப் போயிற்றாம். ஒரு மாதத்தில் முதல்முறை நேர்த்திக்காக இல்லாமல் பசிக்காகக் கை வைத்தான். ஓட்டைப் பிளந்தான். தசை நார் நாராக வரவில்லை. கூழ் போல விரலில் ஒட்டியது. மிளகு வாசத்துக்குக் கீழே இன்னொரு மணம் கிடந்தது, மூக்கின் உச்சியில் ஏறிக் கண்ணை எரிக்கிற மணம். வலையில் செத்து வெயிலில் கிடந்த நண்டை அவன் ஆயிரம் தரம் கடலில் திரும்ப எறிந்திருக்கிறான். அவனுக்குத் தெரியாதா? இது பழுது.

நிமிர்ந்து பார்த்தான். டிலோஜினி குழம்பில் சோற்றைப் பிசைந்து கவளத்தைத் திரட்டிக்கொண்டிருக்கிறாள்.

பழுது என்று சொன்னால் குறை சொன்னதாகும், நேர்த்தி போய்விடும். சொல்லாமல் விட்டால் அவள் தின்பாள், வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ. இரண்டு பக்கமும் அதே பிள்ளை. எமில் எழும்பி அவளுடைய கையைப் பிடித்தான்.

"பிள்ளை, அந்தக் கோப்பையை இஞ்சால தா."

"என்னப்பா, உங்களுக்கும் வைச்சிருக்குத்தானே?"

"ஒண்டு காணாது. தா எண்டுறன்."

"மாமா, பிள்ளைத்தாய்ச்சியின்ர சாப்பாட்டைப் பறிக்கிறியளே?" என்று லோறன்ஸ் சிரித்தான்.

"பறிக்கிறன்தான். நீ போய் அவளுக்குக் கோழி போட்டுக் குடு. முதல் கையைக் கழுவச் சொல்லு."

அவள் கையில் இருந்த கவளத்தைத் தானே வழித்து எடுத்தானாம். டிலோஜினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஒரு நாளும் எனக்கு ஒண்டைத் தராமல் சாப்பிடாத அப்பா" என்று பிறகு என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். எமில் தன்னுடைய கோப்பை, மகளின் கோப்பை, சட்டியில் கிடந்த மூன்றாம் நண்டு, மூன்றையும் முன்னால் இழுத்து வைத்துத் தின்னத் தொடங்கினான். ஓட்டுக்குள் இருந்தது நாக்கில் பட்டதும் கரைந்து, புளித்த சேறு போல அடித்தொண்டையில் படிந்தது. ஓங்காளித்து வரும், விழுங்குவான். திரும்பவும் வரும், திரும்பவும் விழுங்குவான். முகம் சுழிக்கக்கூடாதே, ஆகையால் சிரித்துக்கொண்டே தின்றான்.

பெற்றிசியாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்கோவன், அண்ணை எப்பிடி ரசிச்சுச் சாப்பிடுறார்! சட்டியில குழம்பு கிடக்கு அண்ணை" என்று அடிக்குழம்பையும் வழித்து ஊற்றினாள். அதையும் தின்றான்.

வீட்டுப் படிக்கட்டு இறங்கவே தொடங்கிவிட்டது. மேலாலும் கீழாலும். அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். டொக்டர் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், "நண்டு. நல்ல நண்டு. ஒரு குறையும் இல்லை" என்று அங்கேயும் சாதித்தானாம். பெற்றிசியா ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டாள். விருந்து வெள்ளிக்கிழமைதான் வைக்க இருந்ததாம். பனி கொட்டி இவர்கள் வரமுடியாமல் போக, அன்றைக்கு உருக்கின நண்டைத் திரும்பக் கட்டியாக்கி, ஞாயிறு மறுபடி உருக்கியிருக்கிறாள். கடலோரத்தில் பிறந்தவள் செய்கிற வேலையா இது? இன்றைக்கும் எனக்கு அவள்மேல் கோபம்தான்.

மறுநாள் விடிய எமில் என்னைக் கூப்பிட்டான். கையில் சேலைன் ஏறுகிறது. கண் குழிக்குள் போயிருந்தது.

"மச்சாள், எல்லாத்தையும் சத்தி எடுத்திட்டன். ஒரு பருக்கையும் உள்ள இல்லை. மிச்சம் விடாமல் தின்பன் எண்டுதானே சொன்னனான்? அப்ப இது... பிள்ளைக்கு ஏதும்..."

அறுபது தாண்டின ஆண்பிள்ளை விம்மினான். நான் பாதிரியாரும் இல்லை, படித்தவளும் இல்லை. ஆனால் யாராவது சொல்லத்தான் வேண்டும்.

"இஞ்ச பார் எமில். வைக்கிறதைத் தின்பன் எண்டுதான் மாதாவுக்குச் சொன்னனீ. திண்டதை வயித்துக்குள்ள வைச்சிருப்பன் எண்டு சொல்லேல்ல. நான் பக்கத்தில நிண்டனான், எனக்குத் தெரியும்."

"மெய்யாவோ மச்சாள்?"

"ஓம், மெய்யா. படு."

அப்போதுதான் போனில் இன்னொரு முகம் வந்தது. டிலோஜினி. கட்டிலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"பெரியம்மா, என்ன நேர்த்தி?"

நான் வாயைத் திறக்கவில்லை. எமிலும் திறக்கவில்லை. ஆனால் அவள் என்ன மொக்குப் பிள்ளையா? சவுக்காரச் சீஸ், ஆட்டுத் தலை, நண்டு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தனக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "விசரோ அப்பா உங்களுக்கு?" என்று கத்தினாள். பிறகு அவனுடைய நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தாதி ஒருத்தி சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள். சாம்பல் நிறத்தில் ஏதோ மீன் கஞ்சி, மேலே பால் ஆடை மிதந்தது. டிலோஜினி அந்த வயிற்றோடு பாய்ந்து எழும்பி, அவர்களுடைய பாசையில் ஏதோ சத்தம் போட்டு, தட்டைக் கதவடியிலேயே வாங்கிக்கொண்டாள். எமிலுக்கு முன்னால் வைத்தால்தானே எமில் தின்ன வேண்டும். வைக்க விடவில்லை. அன்றிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மாதம், புட்டும் சொதியும் சோறும் பருப்பும் தவிர வேறு ஒன்றையும் யாரும் அவனுக்குக் கிட்டக் கொண்டுவர அவள் விடவே இல்லை.

பங்குனி நடுவில் பெண் பிள்ளை பிறந்தது. மூன்றே கால் கிலோ. உயிர்ப்பு ஞாயிறு கழிந்து வந்த சனிக்கிழமை ஞானஸ்நானம். வீடியோவில் நானும் பார்த்தேன். பாதிரியார் தண்ணீர் ஊற்ற, பிள்ளை வீரிட்டு அழுதது. எமில் சிலுவை போட்டுக்கொண்டான்.

பிறகு மண்டபத்தில் சாப்பாடு. லோறன்சின் வேலைக்கூட்டாளிகள் வகை வகையாகக் கொண்டுவந்து மேசை நிறைய அடுக்கியிருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரி எமிலுக்கு முன்னால் ஒரு துண்டை வைத்தாள். கேக் போல இருந்தது. ஆனால் உள்ளே பாணும் அவித்த இறாலும் முட்டையும், மேலே வெள்ளைப் பசை. எமில் குனிந்து நன்றாக மோந்தான். மூக்கு, வாய், நெற்றி எல்லாம் ஒன்றாகச் சுருங்கி ஒரு பக்கம் போயிற்று.

"சீ! அரியண்டம். எடுங்கோ அங்கால!"

அவளுக்குப் பாசை விளங்கவில்லை, முகம் விளங்கியிருக்கும். டிலோஜினி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எமில் நிறுத்தவில்லை. எழும்பி மேசையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை நடந்து, ஒவ்வொரு தட்டுக்கும் குனிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முகத்தைச் சுழித்துக் குறை சொன்னான். இது ஊத்தை, இது வெடுக்கு, இது பூனையும் தின்னாது. அன்றைக்கு அவன் வாயில் ஒரு கவளமும் வைக்கவில்லை. பசியோடுதான் வீட்டுக்குப் போனானாம், அவ்வளவு சந்தோசமாக.