பீப் போட்ட பெயர்

விராலிமலைப் பக்கம் ஒரு சின்னக் கேபிள் சேனலில் எடிட்டிங் வேலை பார்க்கிறேன். பேட்டியில் யாராவது கெட்ட வார்த்தை பேசினால் அதன் மேல் 'பீப்' ஒலியைப் போட்டு மறைப்பதும் என் வேலைதான். ஜல்லிக்கட்டு சமயத்தில் கை ஓயாது. சில மாட்டுக்காரர்கள் பேச்சில் பீப் மட்டும்தான் மிஞ்சும்.

ஆவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்காவின் பேட்டி வந்தது. தண்ணீர்ப் பிரச்சினை. "மூணு வாரமாத் தண்ணி வரலைங்க. போய்க் கேட்டா, அந்த..." என்று ஊராட்சித் தலைவரின் பெயரைச் சொல்லி, "கண்டுக்கவே மாட்டேங்கிறாரு" என்றார். எங்கள் கேபிள் வயர் அந்த ஊர்க் கம்பங்களில்தான் போகிறது. தலைவர் கோபித்துக்கொள்வாரோ என்று பெயரின் மேல் பீப்பைப் போட்டுவிட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. மடியில் கனம் இல்லாமலே வழியில் பயப்படுகிற ஆள் நான்.

பேட்டி ஒளிபரப்பான நாலாம் நாள் அந்த அக்கா ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"நான் என்ன தம்பி கெட்ட வார்த்தை பேசுனேன்? எங்க சர்ச்சுல ஞாயித்துக்கெழமைப் பூசையில பைபிள் வாசகம் வாசிக்கிறது நான். டிவியில அப்படிப் பேசுன வாயால வேதம் வாசிக்கிறதான்னு வேற ஆளைப் போட்டுட்டாங்க."

"கெட்ட வார்த்தைன்னு நாங்க சொல்லலையேக்கா."

"மூடி வச்சீங்கல்ல? அவங்கவங்க மனசுல இருந்ததை அதுக்குள்ள போட்டுக்கிட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். முதலாளியிடம் கேட்டால் விடமாட்டார். கேட்காமலே அன்று மாலைச் செய்தியில் பேட்டியை முழுசாகப் போட்டேன். பெயரை மறைத்தது எங்கள் தவறு என்று கீழே ஒரு வரியும் ஓட்டினேன். தலைவர் ஒரு போன்கூடச் செய்யவில்லை. முதலாளி மட்டும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த மாதம் அந்த அக்காவைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வாசகம் திரும்பக் கிடைத்ததா என்று கேட்டேன்.

"குடுத்தாங்க தம்பி. மைக் முன்னாடி போய் நின்னேன். பின்னாடியிருந்து யாரோ வாயாலயே பீப்புன்னு சத்தம் விட்டாங்க. கோயிலே சிரிச்சுச்சு. சாமியாரும் குனிஞ்சுக்கிட்டுச் சிரிச்சாரு."

"நீங்க வாசிச்சீங்களாக்கா?"

"வாசிச்சு முடிச்சேன். இனிமே வேணாம்னு சொல்லிட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார், கோபம்கூட இல்லை. பஸ் வந்தது. "வாரேன் தம்பி" என்று ஏறிப் போய்விட்டார்.