கிளார்க்கக்காவின் இரண்டு கழுதைகள்

என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பியபோது டிசி எழுதிக் கொடுத்தவர் கிளார்க்கக்காதான். இரண்டு வருடம் கழித்து என்னைத் தேடிவந்து ஒரு கழுதைக்கு முன்னால் நிறுத்தியவரும் அவர்தான்.

பதினாறு வருடம் அவர் எங்கள் பள்ளி அலுவலகத்தில் ஜன்னலோர மேஜையில் வேலை பார்த்தார். மணிமணியான கையெழுத்து. டிசியில் 'நடத்தை' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் என்ன எழுத வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்வார், அக்கா எழுதுவார். எனக்குத் 'திருப்தி' என்று எழுதியிருந்தது. தலைமையாசிரியர் சொன்னது 'திருப்தியில்லை' என்றும், மீதியை எழுதக் கட்டத்தில் இடம் பத்தவில்லை என்று அக்கா சொல்லிவிட்டார் என்றும் பியூன் பிறகு சொன்னார்.

அந்த ஒரே பருவத்தில் பதினேழு பேருக்கு டிசி எழுதினாராம். பதினேழாவது பையனின் அம்மா காகிதத்தை வாங்கிக்கொண்டு ஜன்னலை விட்டு நகரவில்லை. "இனிமே இவன் எங்கம்மா போவான்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்த ஃபாரத்திலும் கட்டம் இல்லை. அடுத்த மாதம் அவர் வேலையை விட்டுவிட்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் தையல்காரர். நாங்கள் டைலர் மாமா என்போம். அவருடைய கடைக்குச் சட்டை தைக்க வந்த செங்கல் சூளை முதலாளிதான் விஷயத்தைச் சொன்னார். டிராக்டர் வாங்கியாகிவிட்டது, இரண்டு கழுதைகள் சும்மா நிற்கின்றன, பழைய சூளைக்குப் பின்னால் நிலமும் சும்மா கிடக்கிறது. எங்களை மாதிரிப் பிள்ளைகளுக்காக அக்கா கழுதைகளையும் நிலத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"ஆபீஸ்ல கழுதையா உழைச்சவ இப்போ ரெண்டு கழுதைக்கு ஆபீசர் ஆயிட்டா," என்று மாமா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு, கழுதைகளின் முதுகுக்கு மெத்தை தைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

கழுதைகளுக்குச் சூளையிலேயே பெயர் இருந்தது. ஒன்று பெரியவரு, இன்னொன்று சின்னவரு. பதினோரு வருடம் ஒன்றாகக் கல் சுமந்தவை. நிற்கும்போது தோளும் தோளும் உரச நிற்கும். ஒன்று தண்ணீர் குடிக்கப் போனால் மற்றது தாகமில்லாமலே கூடப் போகும்.

கல்வி அலுவலகம் ஒரு வருடத்துக்கு அனுமதி கொடுத்தது. 'மாற்றுக் கல்வி மையம்' என்று பலகை மாட்டினோம். வருட முடிவில் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். குறைந்தது எட்டுப் பேர் அங்கே இருக்க வேண்டும், எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அப்போதுதான் அனுமதி தொடரும். இல்லையென்றால் நிலம் முதலாளிக்கு, நாங்கள் தெருவுக்கு. இதை அக்கா முதல் நாளே மறைக்காமல் சொன்னார். நாங்கள் ஒன்பது பேர் இருந்தோம்.

ஒன்பது பேரும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடம் கழித்துவிட்டவர்கள். என்னை வாலு என்பார்கள். ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் உட்கார எனக்கு வராது. எங்களில் ஒரு பெண் இருந்தாள், பூட்டு. வாயைத் திறக்கவே மாட்டாள் என்பதால் அந்தப் பெயர். வாத்தியார் அடித்தும் பார்த்தாராம், டாக்டர் ஊசி போட்டும் பார்த்தாராம். அவளைச் சித்திதான் வளர்த்தார். முதல் நாள் கொண்டுவந்து விட்டபோது, "பேச வச்சா போதும்மா, படிப்பெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா பாடம் எதுவும் நடத்தியதாக எனக்கு ஞாபகமில்லை. காலை ஒன்பது மணிக்குக் கேட்டைத் திறந்ததும் யாரும் பேசக்கூடாது. முதலில் தரையைப் பார்க்க வேண்டும். ராத்திரி கழுதைகள் எங்கே நடந்தன, எங்கே படுத்தன, விட்டை இறுக்கமா இளக்கமா, ஏதாவது வெளியிலிருந்து வந்ததா என்று தடத்தை வைத்துச் சொல்ல வேண்டும். பிறகு காது எப்படி நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு நெற்றி முதல் வால் வரை கையால் தடவிப் புண் இருக்கிறதா என்று பார்த்து, நாலு குளம்பையும் தூக்கிச் சேறும் கல்லும் நோண்டி எடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் வாய்ப் பேச்சு. எனக்கு எழுத்துகள் தாளில் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் சேற்றில் பதிந்த குளம்பு நகரவில்லை. மூன்று மாதத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு எது பெரியவர் தடம், எது சின்னவர் தடம் என்று விரலால் தடவிச் சொல்வேன்.

கண்டிப்பு என்று ஒன்றே ஒன்றுதான். தீனி இல்லாத கையைத் தீனி இருப்பதுபோல நீட்டக்கூடாது. நான் ஒருமுறை நீட்டினேன்.

"டேய் வாலு, கையில என்னடா இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா விளையாட்டுக்கு."

"உனக்கு விளையாட்டு. அதுக்கு அப்படித் தெரியுமா? இனிமே நீ நெசமாவே கொண்டு வந்தாலும் வராது, போ."

சின்னவர் இருபது நாள் என்னிடம் வரவில்லை.

பூட்டு கழுதைகளிடம் பேசினாள். முதலில் எங்களுக்குத் தெரியாது. சின்னவரின் காதுக்குள் ஏதோ முணுமுணுப்பாள், நாங்கள் கிட்டே போனால் நிறுத்திவிடுவாள். பிறகு நாங்கள் இருந்தாலும் நிறுத்தவில்லை. பதினோராம் மாதம் ஒருநாள் அக்காவைப் பார்த்து, "தண்ணி தீந்துடுச்சு" என்றாள். இரண்டே வார்த்தை. அக்கா ஒன்றும் நடக்காததுபோல வாளியை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனார். வாளி நிரம்பி வழிந்தும் அவர் குழாயை மூடவில்லை. நான் போய் மூடினேன்.

அதிகாரி ஒரு வியாழக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. அந்த வாரத்துத் திங்கட்கிழமை நாங்கள் கேட்டுக்குள் நுழைந்தபோது சின்னவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"பெரியவர வேற பண்ணைக்கு அனுப்பியாச்சு," என்றார் அக்கா. "வயசாச்சு இல்ல, ஓய்வா இருக்கட்டும்னு. விடிகாலையில வண்டி வந்துச்சு, அதான் உங்களுக்குச் சொல்ல முடியல."

நாங்கள் ஒன்பது பேரும் தரையைப் பார்த்தோம். அக்கா பழக்கிவிட்ட பழக்கம்தானே. கேட்டை நோக்கிப் பெரியவரின் குளம்புத் தடம் ஒன்றுகூட இல்லை. கொட்டகையிலிருந்து கேட் வரைக்கும் ஏதோ கனமான ஒன்றை இழுத்த தடம் அகலமாகப் போயிருந்தது. அக்கா பெருக்கியிருந்தார், ஆனால் சரியாகப் பெருக்கவில்லை. கொட்டகை மூலையில் சுண்ணாம்புத் தூள். பக்கத்தில் புரண்டு புரண்டு உதைத்த மண்.

அக்காவின் முகம் வீங்கியிருந்தது. நாங்கள் தெரியாதவர்கள்போல நடித்தோம். எங்களுக்குத் தெரியாது என்று அவர் நம்பினார்.

ஏன் மறைத்தார் என்பது எனக்குப் பிறகு புரிந்தது. எங்களில் ஐந்து பேர் வீட்டில் சாவைப் பார்த்தவர்கள். பூட்டு வாயை மூடியதே அவள் அம்மா போன பிறகுதான். இப்போதுதான் நாலு வார்த்தை வருகிறது, திரும்பவும் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்திருக்கிறார். வியாழக்கிழமை பயமும் இருந்தது. சின்னப் பிள்ளைகளைச் சாவு வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைப்பார்களே, அப்படி எங்களை அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டார். சின்னவரையும் அப்படித்தான் செய்தார். பெரியவர் புரள ஆரம்பித்ததுமே இவரைச் சூளைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கட்டிவிட்டார், பார்க்க வேண்டாம் என்று.

சின்னவர் அன்று முழுக்கக் கத்தினார். கழுதை கத்துவதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் அந்தக் கத்தலைக் கேட்டிருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். கத்திவிட்டுக் காதை முன்னால் திருப்பிப் பதிலுக்குக் காத்திருப்பார். மறுபடி கத்துவார். செவ்வாய்க்கிழமை கத்தவில்லை. தின்னவும் இல்லை. பூட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளும் முணுமுணுக்கவில்லை.

புதன்கிழமை மாட்டு டாக்டர் வந்தார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். கொட்டகைக்குப் பின்னால் பூட்டு வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்தாள். அவர் ஈறை அழுத்திப் பார்த்தார்.

"எத்தனை நாளா தின்னல?"

"ரெண்டு நாளா, சார்."

"ஜோடி எங்க?"

அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "அது... போயிடுச்சு சார்," என்றார்.

"செத்தத இது பார்த்துச்சா?"

"இல்ல. பார்க்க வேணாம்னு நான்தான் அந்தப் பக்கம் கட்டிட்டேன்."

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "காட்டியிருக்கணும்மா. கழுதைங்க மோந்து பார்க்கும், கொஞ்ச நேரம் பக்கத்துல நிக்கும், அப்புறம் விட்டுடும். பார்க்கலன்னா தேடிக்கிட்டே இருக்கும். தீனிய விட்டா ஒடம்புல இருக்கற கொழுப்பெல்லாம் ரத்தத்துல கலந்துடும். அதுக்கப்புறம் நாம ஒண்ணும் பண்ண முடியாது."

"இப்போ என்ன சார் பண்றது?"

"மருந்து தரேன். தின்ன வைக்கப் பாருங்க." தின்ன வைக்க முடியும் என்று அவர் சொல்லவில்லை.

அவர் போன பிறகு அக்கா என்னிடம், "வாலு, காதுல விழுந்தத வெளிய சொல்லாத. நாளைக்கு ஒரு நாள் போகட்டும். நானே எல்லாரையும் உட்கார வச்சுச் சொல்லிடறேன்," என்றார்.

"சரிக்கா," என்றேன்.

திங்கட்கிழமையே எங்களுக்குத் தெரியும் என்று நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. அவர் அந்தப் பாரத்தை இறக்கி வைத்திருப்பார், எங்களை அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லியிருப்பார். நான் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் வாயை மூடத் தெரியாத நான் அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை எட்டுப் பேர் வந்தோம். ஒருவனுக்குக் காய்ச்சல். ஆனாலும் எட்டு இருந்தது. அதிகாரி நல்லவராகத்தான் இருந்தார். செருப்பில் விட்டை பட்டதற்கு முகம் சுளிக்கவில்லை. நான் சின்னவரின் பின்னங்காலைத் தூக்கிக் குளம்பு நோண்டிக் காட்டினேன்.

"உதைக்காதாப்பா?"

"நமக்குப் பயம் இல்லன்னா அதுக்கும் பயம் இல்ல சார்."

"எங்க ஆபீஸ்ல இப்படிச் சில பேர் இருக்காங்க. அவங்க கால யார் தூக்கறது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். அதிகாரி பேனாவை எடுத்தார். அனுமதி கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு அவர் பூட்டைப் பார்த்து, "நீ என்னம்மா கத்துக்கிட்ட இங்க?" என்றார்.

"அவ பேசமாட்டா சார், கொஞ்சம்..." என்று அக்கா ஆரம்பித்தார்.

"பெரியவரு செத்துட்டாரு," என்றாள் பூட்டு.

நல்ல தெளிவான குரல். இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது என்று தோன்றியது.

"யாரும்மா பெரியவரு?"

"இதோட ஜோடி. திங்கக்கெழமை செத்துட்டாரு. இழுத்துட்டுப் போயிருக்காங்க, தடம் இருக்கு. எங்ககிட்டச் சொல்லல. இதுகிட்டயும் காட்டல. இப்போ இதுவும் சாகப் போவுது."

அதிகாரி பேனாவை மூடினார். அக்காவைத் தனியே கூட்டிக்கொண்டு போய் வெகுநேரம் பேசினார். அனுமதிக் காகிதத்தில் ஒரு விதி இருந்ததாம். பிராணி எது இறந்தாலும் அன்றைக்கே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு நோய் தொற்றக்கூடும் என்பதால். பதினாறு வருடம் ஃபாரம் நிரப்பியவருக்கு விதி தெரியாமலில்லை. வெள்ளிக்கிழமை தெரிவித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். "என் கையில ஒண்ணுமில்லம்மா. தெரிஞ்சதுக்கப்புறம் நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" என்று அதிகாரி சொன்னது எங்களுக்கும் கேட்டது. வருத்தத்தோடுதான் சொன்னார். நாளையிலிருந்து யாரும் உள்ளே வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பூட்டு தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார்.

"நான் கெடுத்துட்டேனா?" என்று கேட்டாள்.

"நீ இருக்கறதத்தான் சொன்ன. நான்தான் சொல்லாம விட்டேன்."

மாலையில் அவளுடைய சித்தி வந்தார். பேச ஆரம்பித்ததைப் பற்றி அக்கா சொல்லப் போனார். சித்தி கேட்கவில்லை. "நோய்க் கழுதை கூடவாம்மா எங்க புள்ளய உட்கார வச்சீங்க?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பூட்டு திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

சின்னவர் சனிக்கிழமை காலையில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அக்கா இந்தத் தடவை ஒன்பது வீட்டுக்கும் சொல்லி அனுப்பினார். வந்தது இரண்டு பேர், நானும் காய்ச்சலில் கிடந்தவனும். டைலர் மாமாவும் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். வழக்கமாக ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பவர் அன்றைக்குச் சின்னவர் முகத்தில் மொய்த்த ஈக்களை ஓட்டிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு முடிந்துவிட்டது. முடிந்துவிட்டது என்று அக்கா எங்களிடம் வாய்விட்டுச் சொன்னார். அலுவலகத்துக்கும் அப்போதே ஃபோன் போட்டுச் சொன்னார். அந்தப் பக்கம் எடுத்தவருக்கு எதற்காகச் சொல்கிறார் என்றே புரியவில்லை.

திங்கட்கிழமை நான் பழக்க தோஷத்தில் ஒன்பது மணிக்குப் போனேன். முதலாளியின் ஆட்கள் இருவர் வேலிக் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பி அக்கா வாங்கிப் போட்டது என்பதால் அவர் குறடு வைத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? அந்த முனையப் பிடி, சிக்கல் விழாம வா," என்றார்.

நான் பிடித்தேன். சுற்றிக்கொண்டே கேட்டேன், "அடுத்து என்னக்கா பண்ணப் போறீங்க?"

"ஜெராக்ஸ் கடையில ஆள் கேட்டாங்க. நீ?"

"டயர் கடையில வரச் சொல்லியிருக்காங்க."

"போவியா?"

"எத்தனை நாளைக்குப் போவேன்னு தெரியல."

அவர் குறட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கம்பத்துக்கு நகர்ந்தார். கம்பி என் உள்ளங்கையைக் கிழித்தது, நான் அவரிடம் சொல்லவில்லை. மத்தியானத்துக்குள் நாலு சுருள் ஆனது. அவற்றை மாமாவின் சைக்கிளில் ஏற்றிக் கட்டினோம். அதற்கு மேல் அங்கே செய்ய வேலை எதுவும் இருக்கவில்லை.