என் மனுவையும் எழுதிக் கொடுத்த எதிர்வீட்டு சிஸ்டர்

செய்தி வந்தபோது நான் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வாசலில் நின்றிருந்தேன். டைல்ஸ் சாம்பிள் பார்க்கப் போன இடம். என் வீட்டுக்காரி போனில், "என்னாங்க, எதிர்வீட்டு சிஸ்டர் செத்துப்போய்ட்டாங்க. தூக்கத்துலயே உசிரு போயிருக்கு" என்று அழுதாள். போனைக் காதில் வைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரனை அடித்து, "யோவ், ரோடு என்னா உன் ஊட்டுக் கூடமா? ஓரமா நின்னு பேசுய்யா" என்றார். வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பேன். அன்றைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓரமாகப் போனேன். சிஸ்டர் கூட இருந்திருந்தாலும் ஆட்டோக்காரர் பக்கம்தான் பேசியிருப்பார்.

கடலூர் செம்மண்டலத்தில் நம்ம தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அமலோற்பவம் சிஸ்டர் அரசாங்க ஆஸ்பத்திரி நர்சு. முதலில் சிதம்பரம், அப்புறம் கடலூர். சர்வீசில் பெரும்பகுதி ஆக்சிடெண்டு கேஸ் வருகிற வார்டில் போயிற்று. ரிட்டயர் ஆனதும் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே சின்னதாக ஒரு வீடு வாங்கினார். தனி ஆள். நான் பழனிவேலு, சிமெண்டு கடைக்காரன். அஞ்சாவதோடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. இதை எழுதுவதற்கே நாலு நாளாக மல்லுக்கு நிற்கிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமி வந்துபோய் ரெண்டு வருஷம் இருக்கும். கடலோரத்தில் வீடு கட்டுகிற வேலை ஜாஸ்தி. அந்த நேரம் பார்த்து, நான் வாடகைக்கு இருந்த கடையைச் சொந்தக்காரர் காலிபண்ணச் சொல்லிவிட்டார். வேறு இடம் அமையவில்லை. வீட்டு முன்பக்கத்தை இடித்துக் கடையாக்கினால் பிழைக்கலாம், இல்லாவிட்டால் பழையபடி மூட்டை தூக்கப் போக வேண்டும் என்ற நிலைமை. ஆனால் நம்ம தெரு வெறும் குடியிருப்புப் பகுதி. கடை வைக்க வேண்டுமானால் வணிகப் பகுதியாக மாற்றிக் கொடுங்கள் என்று நகரமைப்பு ஆபீசில் மனுக் கொடுக்க வேண்டும், ஆட்சேபணை உள்ளவர்கள் அதை எழுதித் தர வேண்டும் என்றார்கள். ஆட்சேபணை எங்கேயிருந்து வரும் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டுக் கேட்டில் சாய்ந்து நின்றது.

"பழனிவேலு, உன் கடைய நான் எதுத்து எழுதப்போறேன், முன்னாடியே சொல்லிட்டேன். கோடியில பள்ளிக்கூடத்த வெச்சுக்கிட்டு இந்தச் சந்துல லாரி வந்தா புள்ளைங்க எங்க நடக்கும்?"

"நீங்க எழுதிடுவீங்க சிஸ்டர். எனக்குத்தான் எழுத வராது. கையெழுத்துப் போடவே ரெண்டு தடவ மூச்சு வாங்குது."

இதைக் கிண்டலாகத்தான் சொன்னேன். சிஸ்டர் கேட்டைத் திறந்துவிட்டார். "உள்ள வா. ஒக்காரு. உன் கஷ்டத்தச் சொல்லு, நான் எழுதறேன்."

நான் சொல்லச் சொல்ல எழுதினார். விட்ட இடத்தில் அவரே கேள்வி கேட்டு வாங்கினார். கடை போனால் வீட்டில் எத்தனை பேர் சாப்பாடு போகும், மூட்டை இறக்குகிறவர்கள் எங்கே போவார்கள், கொத்தனார்கள் ரெண்டு சிமெண்டு மூட்டைக்காகப் பழைய டவுன் வரைக்கும் போய் வரவேண்டியிருக்கிறதே என்று, எனக்கே தோன்றாததையெல்லாம் சேர்த்தார். படித்துக் காட்டியபோது என் கண் கலங்கிவிட்டது. நான் இவ்வளவு பாவப்பட்டவன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அதே மேசையில், அதே பேனாவில், அடுத்த தாளில் தன்னுடைய ஆட்சேபணையை எழுத ஆரம்பித்தார். "உன் பக்கத்து ஞாயத்த ஒழுங்கா சொல்லிட்டுத்தான் உன்ன எதுக்கணும். இல்லன்னா நான் ஜெயிச்சாலும் ஜெயிச்ச மாதிரி இருக்காது" என்றார்.

என் மனைவியின் தம்பி சேகர் லாரி வைத்திருக்கிறான். என் கடைக்கு லோடு அடிப்பது அவன்தான். அவன் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "ஊர்ல எத்தினி பேரு மனு எழுதறாங்க. எதிரி ஊட்டுல போயா எழுதி வாங்குவ மச்சான்?"

விசாரணைக்கு ரெண்டு பேரையும் ஒரே நாளில் கூப்பிட்டார்கள். ஒரே ஷேர் ஆட்டோவில் போனோம். அதிகாரி ரெண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "வேணும்னு சொல்றதும் வேணாம்னு சொல்றதும் ஒரே கையெழுத்துல இருக்கே. யாரு யார ஏமாத்துறீங்க?"

"யாரும் ஏமாத்தல சார். அவருக்கு மனு எழுத வராது, எனக்கு வரும். அவ்ளோதான்."

"அப்ப உங்களுக்கு ஆட்சேபணை இல்லயாம்மா?"

"இருக்கு சார். ரெண்டாவது தாள்ல இருக்கு, படிங்க."

அவர் படித்தார். என்னுடையதை மறுபடியும் எடுத்துப் படித்தார். "இவரு மனுதான் நல்லா இருக்கு" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே. "சார், அவுங்க கையே அவுங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுது, எழுதிக்குங்க" என்றேன். அதிகாரி சிரித்துவிட்டார். சிஸ்டர் சிரிக்கவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது யாரும் கேட்காமலேயே கடைசி சீட்டில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

இடத்தை நேரில் வந்து பார்ப்பதாக அதிகாரி சொல்லியிருந்தார். பதினோரு மணிக்கு வாருங்கள் என்று நான் கெஞ்சினேன், அப்போது தெருவில் நாய்கூட இருக்காது. எட்டரைக்கு வாருங்கள் என்றார் சிஸ்டர். அதிகாரி எட்டரைக்குத்தான் வந்தார். ஜீப்பு தெருவுக்குள் நுழைந்தது, அதோடு சரி. முன்னால் ஸ்கூல் வேன், பின்னால் ஷேர் ஆட்டோ, ரெண்டு பக்கமும் சைக்கிள். நான்தான் முதலில் சிரித்தேன். அப்போது முதுகில் புத்தக மூட்டையோடு ஒரு பெண் பிள்ளை ஜீப்புக்கும் சாக்கடைக்கும் நடுவில் நுழைந்து போகப் பார்த்தாள். கால் வழுக்கியது. சிஸ்டர் எப்போது கேட்டைவிட்டு வந்தார் என்று தெரியாது, பையோடு சேர்த்துப் பிள்ளையைப் பிடித்து இழுத்துவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. பிள்ளை பாவாடையைத் தட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். ஆனால் ஜீப்பு நின்ற இடத்தில் சேகரின் லாரியை மனசுக்குள் வைத்துப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

அதிகாரி இறங்கி வந்தார். இனிமேல் கடை இல்லை என்றே முடிவு பண்ணிவிட்டேன். சிஸ்டர்தான் பேசினார். "கடையே வேணாம்னு எழுதியிருந்தேன் சார். அத மாத்திக்கிறேன். இவரு மனுவ எழுதுனப்பவே என் ஆட்சேபணையில பாதி போயிடுச்சு. காலையில எட்டரையிலேர்ந்து பத்து வரைக்கும், சாயந்திரம் பள்ளிக்கூடம் உடற நேரமும் லாரி வரக்கூடாது. கடைக்கு வர்றவங்க வண்டி ரோட்டுல நிக்கக்கூடாது. இத எழுதிட்டுக் குடுங்க." அப்படித்தான் கொடுத்தார்கள். வண்டி நிற்க இடம் விட்டுக் கடையை உள்ளே தள்ளிக் கட்டியதில் என் மனைவியின் முருங்கை மரம் போயிற்று. அதற்கு அவள் சிஸ்டரிடம் ஒரு மாசம் பேசவில்லை. என்னிடம் ரெண்டு மாசம்.

அன்றிலிருந்து தினம் எங்களுக்குள் சண்டைதான். உங்களுக்குத் தெரியாதா? "சிஸ்டர், பத்துக்கு ரெண்டு நிமிஷம்தான் பாக்கி. லாரி முக்குல நின்னுக்கிட்டு என்னப் பாத்து அழுவுது, உள்ள உட்டுடட்டுமா?" என்று கடையிலிருந்து கத்துவேன். ஒருநாள் தெருவைத் தாண்டி வந்து, சத்தம் போடாமல் சொன்னார்: "ரெண்டு நிமிஷம் போதும்ப்பா. வார்டுல பாத்திருக்கேன். அடிச்சவனும் வேணும்னு அடிக்கல, அடிபட்டதும் வேணும்னு போயி உழல. எடம் பத்தல, ஒரே நேரத்துல வந்துட்டாங்க, அவ்ளோதான்." அதற்கப்புறம் அந்தக் கிண்டலை நான் பண்ணவில்லை. வேறு கிண்டல் பண்ணினேன்.

தானே புயல் அடித்து ஊரே கூரையில்லாமல் நின்றபோது, மறுநாள் காலை ஏழு மணிக்கு என் கதவைத் தட்டியது சிஸ்டர்தான். "கூரை ஷீட்டு லோடு எப்ப வருது? பள்ளிக்கூடம் மூடியிருக்கு, எந்நேரமும் வரட்டும்." விழுந்த மரத்தை வெட்டி ஓரம் தள்ளுகிறவரை நின்று, லாரிக்கு முன்னால் நடந்து அவரே வழிகாட்டிக் கூட்டி வந்தார். சேகர் ஸ்டீரிங்கில் உட்கார்ந்துகொண்டு, "மச்சான், எனக்குக் கொடி புடிச்சு ஊர்கோலம் நடக்குது பாரு" என்றான். பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்குக் காலையில் கேட்டிலிருந்து ஒரே வார்த்தை: "இன்னியிலேர்ந்து பழையபடி."

அடக்கத்தன்று தெருவில் கால் வைக்க இடமில்லை. அவர் பிரசவம் பார்த்த பிள்ளைகள், கட்டுப் போட்ட ஆட்கள், கூட வேலை பார்த்தவர்கள் என்று எங்கெங்கிருந்தோ கார், வேன், பைக். அவர் சாவுக்கே தெரு அடைத்துக்கொண்டது. எழுந்து வந்து திட்டிவிடுவாரோ என்று எனக்குப் பயம். நானும் பக்கத்துக் கடைக்காரர்களும் வண்டிகளைப் பள்ளிக்கூட மைதானத்துக்குத் திருப்பிவிட்டுக்கொண்டே இருந்தோம். அதனால் கடைசியாக முகத்தைக்கூட நின்று பார்க்க முடியவில்லை.

இப்போது தெருவில் என் கடையோடு நாலு கடை ஆகிவிட்டது. எட்டரை மணிக் கணக்கை மற்ற மூணு பேரும் பிடித்துக்கொண்டிருப்பது நான் பிடிப்பதால்தான். எந்த ஆபீசிலிருந்தும் யாரும் வந்து பார்ப்பதில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் காலை சேகர் போன் பண்ணினான்.

"மச்சான், வெயில் ஏறிடுச்சுன்னா எறக்கறவன் மொனவுறான். சிஸ்டர்தான் இல்லயே. எட்டரைக்கே வந்துடட்டுமா?"

மூட்டை தூக்குகிறவன் கஷ்டம் எனக்குத் தெரியும், நானே தூக்கியவன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதை முதலில் அவனிடம் சொன்னேன். அப்புறம், "சிஸ்டர்தான் இல்ல. பள்ளிக்கூடம் இருக்குதுல்ல?" என்றேன்.

பத்தேகாலுக்கு வந்தான். என்னைத் திட்டிக்கொண்டே வந்தான். இறக்குகிறவர்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தேன். சிஸ்டரிடமிருந்து ஏதாவது எனக்கென்று வந்ததா என்று கேட்டால், காலையில் அந்த ஒன்றரை மணி நேரம்தான். அதை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.