திருவெள்ளறைச் சாலையில் புகையும் அரைச் சொம்புத் தண்ணீரும்

போன மே மாதம், ஏகாதசியன்று வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீரங்கத்திலிருந்து திருவெள்ளறைக்கு சைக்கிளில் கிளம்பினோம். போக மட்டும் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். எனக்குச் சர்க்கரை, டாக்டர் உடற்பயிற்சி சொல்லியிருந்தார். கூட வந்தவர் ஸ்ரீரங்கத்துக் கணக்கு வாத்தியார் வரதன், வயது ஐம்பத்திரண்டு. இதே பாதையில் போக நினைப்பவர்கள், தயவுசெய்து நாங்கள் செய்ததைச் செய்யாதீர்கள்.

ஐந்தரைக்குக் கிளம்புவதாகத் திட்டம். என் டயர் பஞ்சரானதில் ஏழேகால் ஆகிவிட்டது. ஏகாதசியன்று பெருமாளைச் சேவிக்கும்வரை வரதன் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படாது. தெரிந்தும் கிளம்பினேன். மடையன் நான்.

மண்ணச்சநல்லூர் தாண்டி நாலு கிலோமீட்டர், மணி எட்டரை. சாலையோரக் காய்ந்த புதர் பற்றியெரிந்து, புகை குறுக்கே படுத்திருந்தது. திரும்பாமல், "வேகமா மிதிச்சுத் தாண்டிடலாம் சார்" என்றேன். தாண்டினோம். இருமல் எனக்கு நின்றது, அவருக்கு நிற்கவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். உடம்பு சுட்டது, வியர்வை ஒரு துளி இல்லை. "மணி என்ன?" என்று மூன்று முறை கேட்டார்.

பம்புசெட்டில் நின்ற பெண் ஓடி வந்தார். "நெழலுக்குத் தூக்குங்கண்ணே!" இருவரும் வேப்பமரத்தடியில் கிடத்தி, குடம் குடமாக ஊற்றினோம். கொஞ்சம் தெளிந்ததும் எழுப்பி உட்காரவைத்து, அந்தப் பெண் சொம்பை நீட்டினார். வரதன் வாயை இறுக மூடிக்கொண்டார். "இன்னும் சேவிக்கலையே."

மனுஷன் என் கையில் போய்விடுவார் என்று பயந்துபோனேன். "அதோ, கோபுரம் தெரியுது சார். கோபுர தரிசனம் கோடி புண்ணியம். சேவிச்சுக்குங்க" என்றேன். அங்கே தெரிந்தது புகையும் பனைமரமும்தான். அவர் கை கூப்பினார். அரைச் சொம்பு குடித்தார்.

லோடு ஆட்டோவுக்கு 500 ரூபாய், ஆஸ்பத்திரிக்கு 25 நிமிடம், இரண்டு பாட்டில் டிரிப்ஸ். மாலையில் பிழைத்துக்கொண்டார் என்றார்கள்.

கோடையில் ஏழரைக்குள் வீடு திரும்புங்கள். தாகத்துக்குக் காத்திருக்காமல் குடியுங்கள். புகை தெரிந்தால் அப்படியே திரும்புங்கள். முகத்தில் துண்டு கட்டினால் போதாது. விரத நாளில் சைக்கிளைத் தொடவே வேண்டாம். பேச்சு குழம்பினால் நிழல், உடம்பெங்கும் தண்ணீர், உடனே 108.

மறுநாள் பார்க்கப் போனபோது என் பொய்யை ஒப்புக்கொண்டேன். வரதன் சிரித்தார்.

"இருபது வருஷமா போயிண்டிருக்கேன். அங்கேர்ந்து கோபுரம் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சார் கும்பிட்டீங்க?"

"நீங்க அழுதுண்டிருந்தேளே."