ஃபேமிலி எப்ப சார் வருது?

நாற்பத்தேழு வயதில், பாதி வழுக்கையும் முழுத் தொந்தியுமாக நின்ற என்னைப் பேச்சிலர் என்று சொல்லி கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார் தவளக்குப்பத்து அம்மா ஒருவர். 'டு லெட்' போர்டு அவர் தலைக்கு மேலேயே தொங்கியது.

"பேச்சிலருக்கு வூடு குடுக்கறதில்ல சார்."

"எனக்குக் கல்யாணமாகி பதினாலு வருஷம் ஆச்சும்மா."

"அப்ப அவங்க எங்க?"

"திண்டுக்கல்ல."

"அவங்க அங்க, நீங்க இங்கன்னா பேச்சிலர்தான சார்?"

பர்ஸிலிருந்து குடும்ப போட்டோவை எடுத்து நீட்டினேன். நான், மனைவி மாலதி, மகள் யாழினி. அவர் கையில் வாங்கக்கூட இல்லை.

"போட்டோல யாரு வேணா நிக்கலாம். போன வாட்டி ஒருத்தர் இப்பிடித்தான் காட்டினாரு. கடசில பாத்தா நாலு தடிப்பசங்க பெட்டியோட வந்து எறங்கறாங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. வர நியாயமும் இல்லை. நான் வீட்டுக் கடன் கம்பெனியில் ஃபீல்டு ஆபீசர். கடன் கேட்பவர் சொன்ன விலாசத்தில்தான் குடியிருக்கிறாரா, குடும்பம் உண்டா, வாங்கப்போகும் வீடு ஒழுங்கானதா என்று நேரில் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது வேலை. "போட்டோல யாரு வேணா நிக்கலாம்" என்பது இருபது வருடமாக நான் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வசனம். அது சுற்றி வந்து என் நெற்றியிலேயே விழுந்தது.

இந்தக் குறிப்பை ஃபீல்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். தொழில் விஷயம் கொஞ்சம்தான் இருக்கும். மிச்சம் நான் பயந்து நடுங்கிய கதை.

1. இரண்டு கண்டிஷன்கள்

மார்ச்சில் திண்டுக்கல்லிலிருந்து புதுச்சேரிப் பக்கம் வில்லியனூர் பிராஞ்சுக்கு மாற்றினார்கள். பதவி ஒரு படி உயர்ந்தது, ஊர் முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனது. முதல் நாள் மேனேஜர் ஒரு கட்டு ஃபைலைக் கொடுத்து, "சீனியர் நீங்க. ஏரியா பழகற வரைக்கும் தினம் நாலு விசிட் போதும் சார்" என்றார். ஏரியா பழகுவது லேசில்லை. பாகூர் பக்கம் ஒரு சைட்டுக்குப் போனால் வழியில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வருகிறது. ஒரு தோப்பைத் தாண்டினால் மறுபடி புதுச்சேரி. எந்த அரசாங்கத்தில் நிற்கிறோம் என்பதைக் கரண்ட் பில்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தங்கியது ஒரு கடைக்கு மேல் ஒற்றை ரூம். சாப்பாடு மெஸ்ஸில். அங்கே பரிமாறுகிறவர் "இன்னும் சாதம்?" என்று கேட்பார். பல நாள் ஆபீசுக்கு வெளியே என்னிடம் மனிதர் பேசியது அந்த ஒரு கேள்விதான். அதற்காகவே இரண்டாவது தடவை சாதம் வாங்கினேன். தொந்தியின் வரலாறு அது.

திட்டம் எளியது. டவுன் வாடகை எங்களுக்குக் கட்டாது. சுற்றுக் கிராமங்களில் ஒரு வீடு, பக்கத்தில் யாழினிக்கு ஏழாம் வகுப்பில் இடம், ஜூனுக்குள் இரண்டும். தவறினால் இன்னொரு வருடம் நான் அங்கே தனியாக.

மாலதி தனியார் பள்ளியில் டீச்சர். அவள் கண்டிஷன்: "வீட்டை முடிச்சுட்டுச் சொல்லுங்க, வர்றோம். வேலையையும் விட்டுட்டு சாமானையும் தூக்கிட்டு வந்து ரோட்டுல நிக்க முடியாதுங்க."

வீட்டுக்காரர்கள் கண்டிஷன்: "ஃபேமிலிய கூட்டினு வாங்க, சாவி தரோம்."

வீடு வந்தால்தான் குடும்பம் வரும், குடும்பம் வந்தால்தான் வீடு வரும். நடுவில் ஒரு ஹெல்மெட்டோடு நான்.

2. நெகட்டிவ் ரிப்போர்ட்

ஒத்துக்கொள்கிறேன், கிடைத்த இரண்டு மூன்று வீடுகளைக் கெடுத்ததும் நான்தான். தொழில்புத்தி. சுவரைத் தட்டிப் பார்ப்பேன். மூலையில் கை வைத்து ஈரம் தேடுவேன். போர் தண்ணீரை ஒரு தம்ளர் வாங்கிக் குடித்து உப்பு பார்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு வீடு பார்த்தேன். ஏழாவது வீட்டில் வாடகையைக் கேட்பதற்கு முன் பாத்ரூம் எங்கே என்று கேட்டேன்.

பாகூரில் வயலைப் பார்த்த மாதிரி அருமையான வீடு. ஹால் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது.

"இது என்னங்கய்யா?"

"அது புயலுக்கு வந்த தண்ணி சார்."

"இவ்வளவு உயரமா?"

"தெனமுமா வரப்போவுது? வந்தா கட்டில் மேல ஏறிக்கினா ஆச்சி" என்றார் பெரியவர்.

அன்று மாலை மாலதிக்கு போனில் கோட்டைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் சொன்னேன். அதற்கு முந்தின வாரம் வேறொரு வீட்டின் செப்டிக் டேங்க் பற்றி. கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், "உங்களுக்கு வீடு பிடிக்கலையா, நாங்க வர்றது பிடிக்கலையா?" என்றாள். சிரித்துச் சமாளித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஆபீசிலும் அதே நிலைதான். "சார், நீங்க கம்பெனிக்கு வீடு பாக்கறீங்களா, உங்களுக்குப் பாக்கறீங்களா? மூணு ஃபைல் தூங்குது" என்றார் மேனேஜர். உண்மை. கடன்காரர் வீட்டுக்குப் போனால், மாடி போர்ஷன் காலியா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.

3. சாவி

ஒதியம்பட்டு வீடு சாதிக் அண்ணனுடையது. வில்லியனூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். இரண்டு பெட்ரூம், நல்ல தண்ணீர், சுவரில் கோடு இல்லை, ஸ்கூல் வேன் தெருமுனைவரை வரும். தட்டிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன், குறையே கிடைக்கவில்லை. இதுவும் கைநழுவிவிடுமோ என்று பயம் அதிகமாகிவிட்டது.

கடையில் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே அவர் கேட்டார்: "ஃபேமிலி எப்ப சார் வருது?"

"அடுத்த வாரம்ணே." வாய் தானாகச் சொன்னது.

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வந்துருவாங்கல்ல?"

"அதுக்கு முன்னாடியே."

சாவியை ஒரு ஆணி பாக்கெட்டோடு சேர்த்துக் கொடுத்தார். "காலண்டர் மாட்ட ஆவும். கண்ட எடத்துல அடிக்காதீங்க."

4. மூன்று பேர் குடும்பம்

இனி நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னால்தான் கதை முடியும்.

அடுத்த வாரம் குடும்பம் வரவில்லை. ஆண்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலை மாலதிக்கு. அதற்கடுத்த வாரம் ஊரில் ஒரு கல்யாணம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்ற பீதி எனக்கு. அதனால் வீட்டில் ஒரு குடும்பம் இருப்பதுபோல் நானே நடத்த ஆரம்பித்தேன்.

தினம் ஒரு லிட்டர் பால் வாங்கினேன். குடிக்க ஆள் இல்லை. தயிராக்கினேன். மூன்று வேளையும் தயிர்சாதம். யாழினிக்கென்று வாங்கி வைத்திருந்த புதுச் செருப்பை வாசலில் வைத்தேன். மாலதியின் பழைய நைட்டி ஒன்று என் பெட்டியில் துணி சுற்ற வந்திருந்தது. அதைத் துவைத்துக் கொடியில் போட்டேன், காய்ந்ததும் எடுத்து மறுபடி நனைத்துப் போட்டேன். இதற்குமேல் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். உள்ளே இருந்துகொண்டு ஒருநாள் கொஞ்சம் சத்தமாக, "மாலதி, அந்த ஃபேனை ஆஃப் பண்ணு" என்றேன். சொன்ன பிறகு வீடு இருந்த அமைதியில், எழுந்துபோய் நானே ஆஃப் செய்தேன்.

தெருவில் யாராவது எதிரே வந்தால் பேச்சுக் கொடுத்துவிடுவார்களே என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதவைத் திறந்து உள்ளே போய்விடுவேன். இப்படியே மே கடைசி வந்தது.

5. காலியாக இருந்த கட்டம்

ஒரு சனிக்கிழமை மாலதி போனில் விஷயத்தை உடைத்தாள். "யாழினி வர மாட்டேங்கறா. ரெண்டு நாளா ஒழுங்கா சாப்பிடலை. நீங்களே பேசுங்க."

நான் பேசியது பேச்சே இல்லை, சாங்ஷன் ரிப்போர்ட். ஸ்கூல் இரண்டு கிலோமீட்டர், வேன் உண்டு, தண்ணீர் உப்பில்லை, உனக்குத் தனி ரூம், ஜன்னலைத் திறந்தால் வயல். கடைசிவரை கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"அப்பா, அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

"என்னைத் தெரியும்ல?"

"உங்களைத் தவிர."

"போகப்போகப் பழகிரும்மா."

"சரி, உங்களுக்கு யாரைத் தெரியும்?"

மேனேஜரைச் சொன்னேன். சாதிக் அண்ணனைச் சொன்னேன். மெஸ்காரரைச் சொன்னேன், பெயர் தெரியாததால் 'மெஸ்காரர்' என்றே.

"பக்கத்து வீட்டுல யாருப்பா?"

இருபது வருடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரின் பெயர் இல்லாத ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்டதே இல்லை. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ஃபைலைத் திருப்பி அனுப்புவேன். 'ஆள் அங்கே குடியில்லை' என்றுதான் அதற்கு அர்த்தம். நான் குடிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"கேட்டுட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்தேன்.

ஹெல்மெட் இல்லாமல் தெருவைக் கடந்தேன். எதிர்வீட்டு அம்மா வாசலில் முறத்தில் மணிலாக் கொட்டை, நம்மூர் வேர்க்கடலை, புடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க பேரு என்னம்மா?"

நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு மாசமா எதுத்தாப்புல கீறீங்க, இப்பதான் பேரு கேக்கறீங்களா? ஆரோக்கியமேரி."

"அம்மா, எங்க வீட்டுல ஃபேமிலி இன்னும் வரலம்மா. நான் மட்டும்தான் இருக்கேன்."

"தெரியும் சார்."

"எப்படித் தெரியும்?"

"அந்தச் சின்னச் செருப்பு வெச்ச எடத்துலயே கீது. வெயில்ல காஞ்சி வாரெல்லாம் வெளுத்துப்போச்சி. பொண்ணு ஒண்ணு இருந்தா, ஒரு நாளாவது செருப்பு ஆளுக்கொரு பக்கம் கெடக்காதா?" புடைப்பதை நிறுத்தவில்லை. "அப்புறம் அந்த நைட்டி. ஒரே நைட்டிய தெனம் தொவைக்கற பொம்பளைய நான் இன்னும் பாக்கல."

"சாதிக் அண்ணனுக்கு இது தெரியுமா?"

"அவருதான் மொதல்லயே சொன்னாரு. அந்தாளு ஒண்டியா கீறாரு, கொஞ்சம் பாத்துக்கோங்கன்னு. பேசலாம்னு வந்தா நீங்க ஹெல்மெட்டோட உள்ள பூந்துடறீங்க. தலையில ஏதோ கட்டி போல, அத மறைக்கறாருன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லினு கீறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. இரண்டையும் தும்மல் மாதிரி ஆக்கிச் சமாளித்தேன்.

யாழினி கேட்டதைச் சொன்னேன். அவர் உள்ளே திரும்பி, "ஏய் சகாயா, இங்க வாடி" என்றார். யாழினி வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "அவளுக்கு கோகோ ஆடத் தெரியுமா அங்கிள்?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். என் மகளுக்கு கோகோ தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. "நீயே கேட்டுக்கோம்மா" என்று போனைப் போட்டுக் கொடுத்தேன்.

முதல் ஐந்து நிமிடம் இரண்டு பக்கமும் 'ம்' மட்டும். பிறகு சகாயா ஹெல்மெட் கதையைச் சொன்னாள். போனுக்குள்ளிருந்து யாழினி சிரிப்பது எனக்கே கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. நாற்பது நிமிடம் பேசினார்கள். நான் மணிலா உரித்தேன்.

போன் என் கைக்கு வந்தபோது யாழினி சொன்னாள்: "இந்த வருஷம் வரலப்பா. காலாண்டு லீவுக்கு வந்து பார்க்குறேன். அப்புறம் சொல்றேன்."

சாமானை ஏற்றிவிட்டுப் பேசலாம் என்று நினைத்திருந்தவனிடம், என் பெண் முதலில் சைட் விசிட் வருகிறேன் என்கிறாள். ஜூன் போயிற்று, அந்த வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். பாலை அரை லிட்டராகக் குறைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் நீளமாகத்தான் இருந்தன. அதைப் பற்றிப் பொய் சொல்லிப் பயனில்லை.

புதியவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். தண்ணீர், சுவர், பத்திரம் எல்லாம் பாருங்கள், அது நம் வேலை. உங்கள் குடும்பத்துக்குப் பார்க்கும்போது மட்டும் பக்கத்து வீட்டுப் பெயரை முதலில் எழுதுங்கள். வரப்போகிறவர்களிடம் வருகிறீர்களா என்று அதற்கும் முன்னால் கேளுங்கள். நான் இரண்டையும் கடைசியில் செய்தேன், ஒரு வருடம் போயிற்று.

காலாண்டு லீவுக்கு மாலதியும் யாழினியும் வந்தார்கள். வீட்டைச் சுற்றிக்காட்ட நான் லீவு போட்டிருந்தேன். யாழினி பையை ஹாலில் போட்டுவிட்டு எதிர்வீட்டுக்குப் போனவள்தான், சாப்பிடவும் தூங்கவும் மட்டும் வந்தாள். சுவரைப் பார்க்கவில்லை, ஜன்னலைத் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் பஸ் ஏற்றிவிடப் போனேன். ஏறி உட்கார்ந்தவள் ஜன்னல் வழியாகக் கேட்டாள்:

"அப்பா, அந்த ரெண்டாவது ரூம் எனக்குத்தான?"

"உனக்குத்தான்."

"வேற யாருக்கும் விட்டுறாதீங்க."

பஸ் கிளம்பியது.